காற்றைப் பாரமாக்கிய கொலின் சாப்மன்

தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது வாய்க்காலை உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவார்கள். அகன்ற இடத்திலே சோம்பி நடந்த நீர், வரம்புகள் நெருங்கிய இடத்திலே துள்ளிப் பாயும். காற்றும் அத்தன்மையதே. பாய்ச்சல் மிகுந்த இடத்திலே அமுக்கம் குறையும் என்பதைச் சுவிற்சலாந்து அறிஞர் டானியல் பேணூலி 1738ஆம் ஆண்டிலே வெளியிட்ட தம் நூலில் எழுதிவைத்தார். இடை சுருங்கிய குழாயிலே அவ்வியல்பை ஆராய்ந்தவர் இத்தாலியரான வெந்தூரி. சூறாவளியிலே கூரை மேலெழும்பிப் பறப்பதற்கும் ஆகாய விமானம் வானில் நிற்பதற்கும் இவ்வியல்பு துணை செய்கின்றது. அதனைத் தலைகீழாக்கி, ஓடுகின்ற காரின் வயிற்றின் கீழே ஒளித்துவைத்து, உலகப் பந்தயத்தை வென்ற ஒருவர் இங்கிலாந்திலே வாழ்ந்தார். கொலின் சாப்மன் என்பது அவர் பெயர்.

1928ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி, இலண்டன் மாநகரை அடுத்த றிச்மண்டிலே சாப்மன் பிறந்தார். தந்தையார் ஹோர்ன்சி என்ற பகுதியிலே விடுதி ஒன்று நடத்தியவர். மகன் 1945இல் இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியிலே சேர்ந்து கற்றது கட்டடப் பொறியியல். கார் செய்யும் வித்தையை எந்த ஆசிரியரிடத்தும் அவர் முறையாகக் கற்றாரல்லர். இது கவனிக்கத்தக்கது. பாலத்திலும் கூரையிலும் எந்தத் துலாம் பாரத்தைத் தாங்குகின்றது, எந்தத் துலாம் தானும் ஒரு பாரமாய் வீணே கிடக்கின்றது என்று கணக்கிடும் பயிற்சியே அவருக்கு வாய்த்தது. பல்கலைக்கழக வான்படைப் பிரிவிலே சேர்ந்து விமானம் ஓட்டவும் பழகினார். இவ்விரு கல்வியும் கூடிய இடத்திலேதான் பின்னாளைய சாப்மன் உருவானார்.

படிக்கும் காலத்திலேயே நண்பரோடு கூடிப் பழைய கார்களை வாங்கி விற்றார். உலகப் போர் முடிந்த காலம் அது. கார் கிடைத்தல் அரிது. வியாபாரம் நன்றாக நடந்தது. 1947இன் இறுதியிலே அரசாங்கம் பொதுமக்களுக்குரிய பெற்றோல் பங்கீட்டை நிறுத்திவிட்டது. கார் வாங்குவார் இல்லை. இருந்தவற்றைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டபின் எஞ்சியது விலைபோகாத பழைய ஒஸ்ரின் செவின் ஒன்று. நம் நாட்டு வீதிகளிலே நெடுங்காலம் உழைத்த ஒஸ்ரின் கார்களுக்கு அது மூத்த தமையன் முறையானது. ஹேசல் வில்லியம்ஸ் என்ற நங்கையை அக்காலத்தில் அவர் விரும்பியிருந்தார். அந்நங்கையின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு கொட்டகையிலே அவ்வண்டியைப் பிரித்துப் போட்டு, மேடு பள்ளங்களில் ஏறும் போட்டிக்கென்று புதிதாகக் கட்டினார். 1948இல் உருவான அவ்வண்டிக்கு லோட்டஸ் என்று பெயரிட்டார். தாமரை என்பது அதன் பொருள். ஆங்கிலேய இளைஞர் ஒருவர் தம் இரும்பு வண்டிக்கு நம் புலவர்களின் மலரை ஏன் தேர்ந்தார் என்று பலர் கேட்டிருக்கின்றனர். அவர் கடைசிவரை சொல்லவில்லை. சேற்றிலே ஓடுதற்கென்று பிறந்த வண்டிக்குச் சேற்றிலே பிறக்கும் மலரின் பெயர் பொருந்தாமற் போகவில்லை என்பது நம் எண்ணம்.

1952ஆம் ஆண்டிலே ஹேசல் கொடுத்த 25 பவுணை முதலாகக் கொண்டு கம்பெனி தொடங்கினார். தந்தையாரின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயமே தொழிற்சாலை. இரண்டாண்டின் பின் ஹேசல் மனைவியானார். லாயத்தில் இருந்து செஸ்ஹன்ற் என்ற ஊருக்கும், 1966இல் நோர்போக் மாகாணத்திலே ஹெத்தெல் என்ற பழைய விமானத் தளத்துக்கும் கம்பெனி வளர்ந்து சென்ற வரலாற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

அவர் கொள்கையை மாத்திரம் விளக்கல் வேண்டும். மற்றையோர் வேகம் வேண்டின் எஞ்சினைப் பெரிதாக்கினர். சாப்மன் வண்டியின் எடையைக் குறைத்தார். எடை குறைந்தால் ஏற்றத்திலும் இறக்கத்திலும் வளைவிலும் தடையிலும் ஒருங்கே நன்மை உண்டு. ஓர் உறுப்பு ஒரு வேலை மாத்திரம் செய்யுமாயின் அவ்வுறுப்பை அவர் ஐயத்தோடு நோக்கினார். 1962இல் வந்த லோட்டஸ் 25 என்ற வண்டியிலே குழாய்களால் ஆன சட்டகமே இல்லை. மெல்லிய அலுமினியத் தகட்டால் ஆன கூடே வண்டியின் எலும்பும் தோலும் ஆயிற்று. 1967இல் வந்த லோட்டஸ் 49இலே எஞ்சினையே முதுகெலும்பாக்கிப் பின்சில்லுகளை அதனோடு பொருத்தினார். முன்னைய வண்டியில் ஜிம் கிளார்க் என்ற ஸ்கொத்லாந்து வீரர் 1963இலே உலக வெற்றி கொண்டார். 1965இல் மறுபடியும் உலக வெற்றி. அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் பந்தயத்திலும் அவ்வாண்டே வெற்றி.

இனி, மறைத்தலாகாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எடை குறைப்பதில் ஓர் எல்லை உண்டு. அதனைக் கடந்தால் உறுப்பு முறியும். எல்லை எங்கே இருக்கின்றது என்பதைச் சாப்மன் பல வேளைகளிலே முறிந்த பின்னரே அறிந்தார். 1960இலே பெல்ஜியத்தின் ஸ்பா என்ற இடத்திலே ஒத்திகை ஓட்டத்தில் ஸ்ரேலிங் மொஸ் என்ற புகழ்பெற்ற வீரரின் லோட்டஸிலிருந்து பின்சில்லு கழன்றது. அவர் கால்கள் முறிந்தன. அந்த ஒத்திகையிலேயே மைக் ரெயிலர் என்பவரின் லோட்டஸ் திருப்புதண்டு முறிந்து, அவருடைய பந்தய வாழ்வு முடிந்தது. 1968 ஏப்பிரல் 7ஆம் திகதி ஜேர்மனியிலே ஜிம் கிளார்க் மாண்டார். பின்ரயரின் காற்று இறங்கியதே காரணம் எனக் கருதினர். தம் பிள்ளைபோலவும் தோழன்போலவும் இருந்தவரை இழந்த சாப்மன் நிலைகுலைந்து போனார். ஆயினும் அவ்வாண்டும் அவருடைய வண்டியே உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தது. ஓட்டியவர் கிரகம் ஹில்.

எடையை வெறுத்தவருக்கு அடுத்து வந்த சங்கடம் விநோதமானது. வண்டி தரையைப் பற்றுவது ரயரின் நான்கு சிறு தடங்களால். அத்தடங்களின்மேல் பாரம் மிகுந்தால் பற்று மிகும். பற்று மிகுந்தால் வளைவிலே வேகங் குறையாது திரும்பலாம். ஆனால் அப்பாரம் இரும்பாகவோ ஈயமாகவோ இருந்தால், வளைவிலே வண்டியை வெளியே இழுத்தெறிவதும் அதுவேயாகும். ஆகவே வேண்டுவது பாரம், வேண்டாதது எடை. தராசிலே நிறுத்தாற் காட்டாத, ஓடும்போது மாத்திரம் தோன்றுகின்ற பாரம் ஒன்று இருக்குமாயின் நல்லது. அத்தகைய பாரத்தைத் தருவது காற்று. விமானத்தின் சிறகைக் கவிழ்த்து வைத்தால் அது வண்டியை மேலே தூக்காது கீழே அமுக்கும். வேகம் இருமடங்கானால் அமுக்கும் விசை நான்மடங்காகும்.

1968இலே சாப்மனும் ஏனையோரும் வண்டிகளின்மேல் உயர்ந்த கால்களை நாட்டிச் சிறகு கட்டினர். இங்கும் பழைய குறையே தலைகாட்டிற்று. 1969இல் ஸ்பானிய நாட்டுப் பந்தயத்திலே இரண்டு லோட்டஸ் வண்டிகளின் சிறகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. ஹில் தப்பினார், அவர் தோழர் யொகன் ரின்ட் காயமுற்றார். உயர்ந்த சிறகுகள் உடனே தடைசெய்யப்பட்டன. வண்டியிலே தமக்கு நம்பிக்கை இல்லை என்பதை ரின்ட் சாப்மனுக்குக் கடிதமாகவே எழுதினார். எழுதியும் அவரைவிட்டு நீங்கவில்லை. அவருடைய வண்டியிலேதான் வெற்றி இருந்தது. 1970 செப்ரெம்பர் 5ஆம் திகதி இத்தாலியின் மொன்ஸாவிலே, நேர்வழியில் வேகம் கூடட்டும் என்று சிறகுகளைக் கழற்றிவிட்டு ஒத்திகை ஓடியபோது முன் தடையின் தண்டு முறிந்து வண்டி வேலியிலே மோதியது. வேலியும் செவ்வையாக நாட்டப்படவில்லை. ரின்ட் இறந்தார். அவ்வாண்டுப் பந்தயங்கள் முடிந்தபோது அவர் புள்ளிகளை எவரும் எட்டவில்லை. பட்டம் இறந்தவருக்கே சென்றது.

1972இலே பிறேசில் நாட்டு எமர்சன் பிற்றிபால்டியால் மீண்டும் பட்டம் கிடைத்தது. பின்னர் லோட்டஸ் தளர்ந்தது. 1975இலே வெற்றி ஒன்றேனும் இல்லை. தோற்றவர்கள் எஞ்சினைக் குறைகூறுவது வழக்கம். சாப்மன் அவ்வாறு செய்யாது தனித்திருந்து 27 பக்கங்களிலே ஒரு குறிப்பு எழுதினார். பந்தயக் கார் என்பது என்ன, அது எவற்றைச் செய்தல் வேண்டும், எவற்றை நாம் அறியாதிருக்கிறோம் என்று அடிப்படையிலிருந்தே வினவிய குறிப்பு அது. அதனை ரொனி றட் என்ற மூத்த பொறியியலாளரிடம் கொடுத்து, பந்தய அவசரத்துக்கு எட்டாத தனியிடத்திலே ஆராயுமாறு பணித்தார். ஹெத்தெலுக்கு அண்மையிலே கெற்றரிங்ஹம் மாளிகை என்ற பழைய வளவு அதற்கு இடமாயிற்று. பீற்றர் றைட் என்ற காற்றியக்க அறிஞரும் றல்ப் பெலமி என்ற வடிவமைப்பாளரும் உடனிருந்தனர்.

போர்க்காலத்து மொஸ்கிற்றோ விமானத்திலே நீர் குளிர்விக்கும் றேடியேற்றர் சிறகின் முன்விளிம்பிலே பொதிந்திருக்கும். அது விமானத்துக்கு இடையூறாகாது உதவியாகவே இருந்தது என்பதைச் சாப்மன் அறிந்திருந்தார். வண்டியின் இரு பக்கத்திலும் றேடியேற்றர் வைக்கும் பெட்டிகளையே கவிழ்ந்த சிறகுகளாக்கினால் என்ன என்பது அவர் எண்ணம். றட்டும் றைட்டும் 1969ஆம் ஆண்டளவில் வேறொரு கம்பெனியிலே இத்தகைய சிறகு வண்டியை முயன்று பார்த்து, அது கைகூடாமல் விட்டவர்கள். ஆகவே புகழ் முழுவதையும் சாப்மனுக்கே கொடுத்தல் முறையன்று. வினாவைச் செவ்வையாக எழுதியவர் அவர். விடையைக் கண்டவர் றைட்.

விடை கண்ட வகையும் சுவையானது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலே ஒரு காற்றுச் சுரங்கம் இருந்தது. வண்டி நிற்க, அதன் கீழே வீதிபோல ஒரு பட்டி ஓடும். எதிரே காற்று வீசும். காற்பங்கு அளவிலான மாதிரி வண்டியை அதிலே நிறுத்திச் சோதித்து வருகையில், ஒருநாள் அளவுகள் ஒழுங்கின்றி மாறத் தொடங்கின. ஒரு தரம் எடுத்த கணக்கு மறு தரம் ஒத்து வரவில்லை. இத்தகைய நாளிலே கருவியைப் பழித்துவிட்டு வீட்டுக்குப் போவதே பெரும்பாலார் இயல்பு. றைட் குனிந்து பார்த்தார். உறுதியின்றிச் செய்யப்பட்ட பக்கப் பெட்டிகள் காற்றின் வேகத்திலே கீழ்நோக்கித் தொய்ந்து, ஓரங்கள் ஓடும் பட்டியை நெருங்கிக்கொண்டிருந்தன. நெருங்குந்தோறும் வண்டியை அமுக்கும் விசை பெருகியது. உடனே அட்டைத் துண்டுகளை வெட்டிப் பெட்டியின் ஓரங்களிலே ஒட்டித் தரைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைத்தார். விசை பன்மடங்கு மிகுந்தது.

காரணம் இதுவே. வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே புகுந்த காற்று, இடுக்கிலே நெருக்குண்டு விரைகின்றது; விரைவதால் அமுக்கம் குறைகின்றது. வண்டியின் மேலேயுள்ள காற்றின் அமுக்கம் அவ்வாறு குறையவில்லை. ஆகவே மேற்காற்று வண்டியைத் தரையோடு தரையாக அழுத்துகின்றது. வயிற்றின் பின்பகுதி மெல்ல மெல்ல மேலே விரிந்து செல்வதால், விரைந்த காற்றுத் தடுமாறாது ஆறி வெளியேறுகின்றது. இரு பக்கமும் திறந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து வெற்றிடத்தை நிரப்பிவிடும். அதனைத் தடுக்கவே ஓரத்திலே தரையைத் தொட்டு ஏறியிறங்கும் திரை வேண்டும். ஆங்கிலேயர் அதனைப் பாவாடை என்றே அழைத்தனர். மேலே நாட்டிய சிறகு காற்றைப் பெரிதும் எதிர்த்து வண்டியைப் பின்னிழுக்கும். வயிற்றின் கீழ்ப் பிறந்த விசைக்குக் கொடுக்கும் விலையோ மிகச் சிறிது.

லோட்டஸ் 78 என்ற அவ்வண்டி 1976இலேயே ஓடத்தக்கதாயிற்று. அதனை ஓட்டிப் பார்த்த மாரியோ அன்ட்றெற்றி, உடனே பந்தயத்துக்குத் தருமாறு கேட்டார். சாப்மன் மறுத்துவிட்டார். கண்டவர்கள் பார்த்துச் செய்துவிடுவார்கள் என்ற அச்சம். 1977இல் அது வெளிவந்து ஐந்து பந்தயங்களை வென்றது. எஞ்சின் பலமுறை கெட்டமையால் பட்டம் கைகூடவில்லை. அமுக்கும் விசை வண்டியின் முற்புறத்தே கூடுதலாக விழுந்தமையும் ஒரு குறையே. பின்னே பெரிய சிறகு வைத்து ஈடுசெய்ய வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வந்த லோட்டஸ் 79இலே இக்குறை நீங்கிற்று. பெற்றோலை ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே ஒரே தாங்கியிலே அடக்கி, சில்லுகளின் வில்களையும் உள்ளே ஒதுக்கி, முன்னிருந்து பின்வரை காற்றுக்கு நேர்வழி விட்டார்கள். கருநிறத்திலே பொற்கோடு இழைத்த வண்டி அது. அன்ட்றெற்றி அவ்வாண்டு ஆறு பந்தயங்களை வென்றார். எதிரணியொன்று வண்டியின் பின்னே பெரிய விசிறி பூட்டி, வயிற்றின் கீழுள்ள காற்றை உறிஞ்சி, சுவீடனில் ஒரு வெற்றி பெற்று, எதிர்ப்பு எழுந்தமையால் அவ்வண்டியை விலக்கிக்கொண்டது. லோட்டஸைப் பிடிக்க மற்றையோர் என்ன பாடுபட்டனர் என்பதற்கு அதுவே சான்று.

1978 செப்ரெம்பர் 10, மீண்டும் மொன்ஸா. லோட்டஸின் இரண்டாவது வீரர் றொனி பீற்றர்சன். அன்று காலை அவருடைய 79 சேதமுற்றதால் பழைய 78இலே புறப்பட்டார். புறப்பட்ட உடனே பல வண்டிகள் மோதிக்கொண்டன. பீற்றர்சனின் வண்டி தீப்பற்றிற்று. சக வீரர்கள் இழுத்தெடுத்தனர். கால்கள் நொறுங்கியிருந்தன, உயிருக்கு ஆபத்தில்லை என்றே நினைத்தனர். மறுநாட் காலை, முறிந்த என்பிலிருந்து கசிந்த கொழுப்புக் குருதியிலே கலந்தமையால் அவர் இறந்தார். அன்ட்றெற்றி உலக வீரரானது முதல்நாள். பட்டத்துக்கு எஞ்சியிருந்த ஒரே போட்டியாளர் பீற்றர்சன்.

சாப்மன் அடைந்த ஆறாவதும் கடைசியுமான வீரர் பட்டம் அது. அடுத்த ஆண்டிலேயே மற்றையோர் 79ஐப் பார்த்துக் கற்று அதனை விஞ்சினர். காரணத்தை நோக்கின் வியப்பாயிருக்கும். காற்றுத் தந்த பாரம் மிகப் பெரிது. அதனைத் தாங்கிக்கொள்ள விறைப்பான உடல் வேண்டும். எடையைப் பகைத்த சாப்மனின் வண்டி நெகிழ்ந்தது. வில்லியம்ஸ் அணியார் அக்கொள்கையையே எடுத்து உறுதியான உடலிலே அமைத்து வென்றனர். சாப்மனோ மேலும் ஒருபடி தாவி, சிறகே வேண்டாம், வயிறே போதும் என்று லோட்டஸ் 80ஐச் செய்தார். அமுக்கும் விசை ஒருகணம் மிக, வண்டி தாழும், தாழ்ந்ததும் காற்றோட்டம் தடைப்பட்டு விசை அறும், வண்டி எழும், எழுந்ததும் விசை மீளும். ஓங்கில் கடலிலே துள்ளுவதுபோல வண்டி துள்ளியது. மூன்று பந்தயங்களோடு அதனைக் கைவிட்டனர். தடைப்பட்டிருந்த வயிற்றுவழிக் காற்றை 2022ஆம் ஆண்டிலே பந்தய விதிகள் மறுபடி அனுமதித்தபோது, கணினியும் பெருஞ் செல்வமும் உடைய அணியினரின் வண்டிகளும் அவ்வாறே துள்ளின என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1981இலே பாவாடைத் திரையை ஆட்சிக்குழு தடைசெய்தது. திரை சிக்கிக்கொண்டால் விசை திடீரென மறைந்து வண்டி பறந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. சாப்மன், காற்றைத் தாங்க ஓர் உடலும் ஓட்டுபவரைத் தாங்க ஓர் உடலுமாக, ஒன்றனுள் ஒன்று அமைந்த லோட்டஸ் 88ஐக் கொண்டுவந்தார். அதனை ஓடவிடவே இல்லை. மனம் கசந்து ஒதுங்கினார்.

அக்காலத்தே அவர் மனத்தை வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. வட அயர்லாந்திலே பிரித்தானிய அரசின் பணத்தோடு டிலோறியன் என்ற அமெரிக்கர் கார்த் தொழிற்சாலை தொடங்கினார். அவர் காரைத் திருத்தி அமைத்துக்கொடுக்கும் பொறுப்பை லோட்டஸ் ஏற்றது. அதற்கெனக் கொடுக்கப்பட்ட பணத்திலே 1 கோடி 70 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகை, பனாமாவிலே பதிந்த கம்பெனி ஒன்றின் வழியே மறைந்தது. தொழிற்சாலை 1982இலே முறிந்தது. பத்தாண்டின் பின் லோட்டஸின் நிதி அதிகாரி பிரெட் புஷெல் குற்றத்தை ஒப்பி மூன்றாண்டுச் சிறை பெற்றார். சாப்மன் உயிரோடிருந்து அந்தக் கூண்டிலே நின்றிருந்தால் பத்தாண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றிருப்பார் என்பது நீதிபதியின் கருத்து. இறந்தவர் மறுமொழி கூற இயலாது என்பது உண்மையே. ஆயினும் வரலாறு எழுதுவோர் இதனை விட்டுவிட்டு எழுதுதல் நேர்மையன்று.

தம் வண்டி வென்றால், எல்லைக் கோட்டருகே பாய்ந்து தம் கருந்தொப்பியை வானிலே எறிவது சாப்மனின் வழக்கம். 1978 ஓகஸ்ட்டுக்குப் பின் நான்காண்டு அத்தொப்பி எழவில்லை. 1982 ஓகஸ்ட்டிலே, ஒஸ்திரியாவில் எலியோ டி அன்ஜெலிஸ் நொடியில் இருபதில் ஒரு பங்கு முன்னதாக எல்லையைத் தொட்டபோது அது மறுபடி எழுந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 16ஆம் திகதி, தமது 54ஆம் வயதிலே, நோர்போக்கிலுள்ள தம் இல்லத்திலே மாரடைப்பால் அவர் காலமானார்.

வயிற்றின் கீழே காற்றை வளைக்கும் வண்டிகள் 1983ஆம் ஆண்டு முதலாகத் தடைப்பட்டு, தட்டையான அடியே விதியாயிற்று. ஆனால் அதற்கு முன்னரே பீற்றர் றைட்டும் தோழர்களும் வேறொன்றிலே ஈடுபட்டிருந்தனர். வண்டி துள்ளாது, சாயாது, தரையிலிருந்து ஒரே உயரத்திலே நின்றால் காற்றின் விசையும் மாறாது நிற்கும். ஆகவே வில்லுக்குப் பதிலாக, கணினி ஏவ எண்ணெயமுக்கத்தால் இயங்கும் தாங்கிகளை அமைத்தனர். சாப்மன் மனமுவந்து ஊக்கிய வேலை அது. அவ்வண்டியைப் பந்தயப் பாதையிலே முதன்முதல் ஓட்டிப் பார்க்கக் குறித்த நாள் டிசெம்பர் 16. நோர்போக்கிலே, ஸ்நெற்றர்ட்டன் என்ற இடத்திலே, அன்று அது ஓடிற்று.